அட்டை தொடாத கால்

ஜெனுஷா காலையிலிருந்து மாலை வரை கால்களைப் படிப்பவள். வீங்கிய கால், மரத்த கால், விரல் கறுத்த கால், முழங்காலுக்குக் கீழே இல்லாத கால். அவற்றில் ஒன்றையும் அவள் கண்ணால் பார்த்ததில்லை. கால்களுக்குச் சொந்தக்காரர்கள் கடல் தாண்டி ஏதோ ஒரு நாட்டில் இருக்கிறார்கள். அங்கே டொக்டர்மார் எழுதிவைத்த குறிப்புகள் பெயர் நீக்கப்பட்டு, ஹட்டனில் ஓர் இரும்புக்கடைக்கு மேலே இருக்கும் எங்கள் அறைக்கு வந்து சேரும். ஒவ்வொரு நோய்க்கும் உலகம் முழுவதும் ஒரு கோட் இலக்கம் இருக்கிறது. அந்த இலக்கங்களைப் போட்டுத் திருப்பி அனுப்புவதுதான் எங்கள் வேலை. மெடிக்கல் கோடிங் என்று பெயர். ஊரில் யாராவது கேட்டால் "கொம்பியூட்டர்ல டொக்டர் வேல" என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். திருத்திச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

என் பெயர் பஸ்மிலா. ஜெனுஷா போட்ட இலக்கங்களைச் சரிபார்ப்பது என் வேலை. பிழை பிடித்தே பழகியதில் எனக்கு நாக்கு நீளமாகிவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள், சொல்லட்டும். பேய், பிசாசு, செய்வினை, கண்ணூறு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். ஏனென்றால் ஜெனுஷாவின் அம்மாவுடைய இடது கால் விஷயத்தில் நான் பயந்துதான் போனேன். அந்தக் கால் தங்குமா போகுமா என்று நாங்கள் தவித்த நாட்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜெனுஷா பொகவந்தலாவைக்கும் மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அப்பா ஜோர்ஜ், அவள் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே மலையில் குளவி கொட்டிச் செத்துப்போனார். அம்மா இராசம்மா கொழுந்து பறித்துத்தான் அவளை உயர்தரம் வரைக்கும் படிக்க வைத்தார். பல்கலைக்கழகம் கைக்கெட்டிய தூரத்தில் நழுவியது. கொஞ்ச காலம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாமல் பாடம் சொல்லிக்கொடுத்தாள். பிறகு கோவில் பாதர் சொல்லித்தான் இந்தப் படிப்புக்கு வந்தாள். அங்கேதான் எங்களுக்குப் பழக்கம். வாரநாட்களில் ஹட்டனில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்குவாள். சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினால் திங்கட்கிழமை காலையில், தலையில் மலைப் பனியோடு வேலைக்கு வந்து நிற்பாள். அதிகம் பேசமாட்டாள். சிரித்தால் மட்டும் வாயை மூட மறந்துவிடுவாள்.

எங்கள் வேலையில் ஒரு விதி இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. இரத்தக் குழாய்க் கோளாறுகளில் ஒரு வகை, தானாக வராது. உடம்பில் வேறொரு நோய் சத்தமில்லாமல் இருந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குழாயைக் கெடுத்திருக்கும். அந்த வகைக்குத் தனி இலக்கம் உண்டு. ஆனால் அதை முதலில் எழுதக்கூடாது, தனியாகவும் எழுதக்கூடாது. கெடுத்த நோய் முதலில் வரவேண்டும், கெட்டுப்போன குழாய் அதன் பின்னால்தான் வரவேண்டும். தனியாகப் போட்டால் கொம்பியூட்டர் சிவப்புக் காட்டித் திருப்பிவிடும். எங்கள் அறைப் பெண்கள் அதற்கு வைத்த பெயர் பேய்க் கோட். பிடிப்பதற்கு ஓர் ஆள் இல்லாமல் பேய் நிற்காதாம். "அக்கா, இந்தப் பேய்க்கு ஆளக் காணோம்" என்று யாராவது குரல் கொடுத்தால், மூல நோயை எழுதாத குறிப்பு ஒன்று வந்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்படி வரும்போது நாங்களாக ஒரு நோயை ஊகித்து எழுதக்கூடாது. குறிப்பைப் படித்தாலே இன்னது என்று பளிச்சென்று தெரிந்தாலும் கூடாது. டொக்டர் எழுதாத நோய் எங்களைப் பொறுத்தவரை இல்லாத நோய். அவருக்கு ஒரு கேள்வி அனுப்பிவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் கேள்வியிலும் பதிலை ஒளித்து வைக்கக்கூடாது. "இது சீனி வியாதியால் வந்ததா?" என்று கேட்டால் பிழை. "இதற்குக் காரணமான நோய் என்ன?" என்றுதான் கேட்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் அவசரத்தில் வழுக்குவார்கள், நான் திட்டுவேன். ஜெனுஷா ஒருநாளும் வழுக்கியதில்லை. அவ்வளவு ஒழுங்கு. அந்த ஒழுங்குதான் பிறகு எனக்கு ஆத்திரத்தை மூட்டியது.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு திங்கட்கிழமை, சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக்கொண்டே ஜெனுஷா சொன்னாள்.

"அக்கா, எங்கம்மாவோட எடது கால அட்டை கடிக்க மாட்டேங்குது."

"நல்லதுதானே" என்றேன்.

மழைக்காலத்தில் தேயிலை மலைக்குள் போகாதவர்களுக்கு அட்டையைப் பற்றித் தெரியாது. புல் நுனியில் நூல் மாதிரி நின்று, ஆள் வரும் பக்கம் திரும்பித் தலையை ஆட்டும். கொழுந்து பறிக்கிறவர்கள் காலில் சவுக்காரமும் உப்பும் பூசிக்கொண்டு போனாலும் மத்தியானத்துக்குள் இரண்டு காலிலும் இரத்தம் வழியும். இராசம்மாவுக்கு வலது காலில் வழிந்தது. இடது காலில் ஒன்றுமில்லை. முதலில் கூடப் பறிக்கும் பெண்கள் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார்களாம். அவரும் சேர்ந்து சிரித்தாராம்.

"அட்டைக்கே நம்ம ரத்தம் கசந்துபோச்சு போல."

கங்காணி அழகுமுத்து அதற்கும் ஒரு பயன் கண்டுபிடித்தார். புல் மண்டிய தேயிலை நிரையில் "இராசம்மாவ முன்னுக்கு விடுங்க" என்றார். இராசம்மா முன்னால் நடந்தார், மற்றவர்கள் பின்னால். ஒரு வாரம் போனது. யாரோ ஒருத்தி பாதையில் குனிந்து பார்த்திருக்கிறாள். இராசம்மாவின் இடது கால் பட்ட இடத்தில் அட்டைகள் அப்படியே நின்றிருக்கின்றன, தலையைக்கூடத் திருப்பவில்லை. அவர் வலது காலை எடுத்து வைத்ததும்தான் ஆடத் தொடங்கினவாம். உயிர் உள்ள காலாக இருந்தால் அட்டைக்குத் தெரியாமல் இருக்குமா என்று அவள் கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு இராசம்மாவுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

"அம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"ஒன்னுமில்லன்றாங்க. பெருவெரல்ல சின்னதா ஒரு புண்ணு இருக்கு. என்னான்னு கேட்டேன். அட்டக்கடின்னாங்க."

"அட்டைதான் கடிக்கிறதில்லையே, ஜெனு."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அப்புடித்தான் சொன்னாங்க, அக்கா. தோட்டத்து டிஸ்பென்சரில காயம்னு எழுதி மருந்து கட்டியிருக்காங்க."

சொன்னார்கள், எழுதியிருக்கிறார்கள், முடிந்தது. வேலையில் அவளைப் புகழ்கிற அதே வாயால் அன்றைக்கே நான் ஒரு சத்தம் போட்டிருப்பேன், ஆனால் அது வெறும் தோட்டத்துக் கதை என்றுதான் நினைத்தேன். டிஸ்பென்சரியில் இருந்தவர் இரத்தம் சோதிக்க ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதும், இராசம்மா அதை மகளிடம் மறைத்ததும் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் லயத்தில் நடந்ததை ஜெனுஷா எனக்குத் துண்டு துண்டாகத்தான் சொன்னாள். மலையில் நனைந்து வருகிறவர்கள் அடுப்புக்கு முன்னால் பலகை போட்டு உட்கார்ந்து, நெருப்புப் பக்கம் காலை நீட்டிக் காய்வது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். இராசம்மா இடது காலைத்தான் அதிகம் காய வைப்பாராம். அது எந்நேரமும் சில்லென்று இருக்கிறது என்பார். அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்து, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே தேத்தண்ணி குடித்தபடி கங்காணியைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே பனி இறங்கி வாசல் வெள்ளையாகியிருந்தது. ஜெனுஷா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஏதோ கருகுகிற வாசனை வந்தது.

"என்னாம்மா கருகுது?"

இராசம்மா மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். "பக்கத்துல கருவாடு சுடுறாங்க போல" என்றுவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

வாசனை கூடியது. ஜெனுஷா திரும்பிப் பார்த்தாள். அடுப்பிலிருந்து உருண்டு வந்த ஒரு கொள்ளிக்கட்டையின் மேல் அம்மாவின் இடது பாதம் இருந்தது. உள்ளங்காலில் இருந்து புகை வந்துகொண்டிருந்தது. அம்மா இன்னும் பேசிக்கொண்டே இருந்தார்.

"அம்மா, காலு."

"யாரு காலு?" என்று கேட்டார் இராசம்மா.

அந்தக் கேள்வியைச் சொல்லும்போது ஜெனுஷாவின் முகம் வெளுத்துப்போனது. பாய்ந்து காலை இழுத்தபோது தோல் கட்டையோடு போனதாம். ஆனால் கணுக்காலுக்கு மேலே அவள் கை பட்ட இடம் கிணற்றுச் சுவர் மாதிரிக் குளிர்ந்திருந்தது. இராசம்மா தன் காலையே யாரோ தன் மடியில் வைத்துவிட்டுப் போன பொருளைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தாராம். வலிக்குதா என்று மகள் கேட்டாள். இல்லை என்றார். பிறகு அவருக்கும் பயம் வந்துவிட்டது. இரவு முழுக்க ஜெபமாலையை உருட்டிக்கொண்டு, அந்தக் காலைப் போர்வைக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

திங்கட்கிழமை ஜெனுஷா வேலைக்கு வந்தாள். இதையெல்லாம் அப்போது அவள் எனக்குச் சொல்லவில்லை. வந்து உட்கார்ந்து முதல் குறிப்பைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் பக்கமிருந்து தட்டச்சுச் சத்தமே வராததால் எட்டிப் பார்த்தேன். கை இரண்டையும் மேசையில் வைத்துத் திரையைப் பார்த்தபடி இருந்தாள். நான் பின்னால் போய் நின்று படித்தேன்.

அம்பத்து நாலு வயதுப் பெண். இடது கால் எப்போதும் குளிர்ந்திருப்பதாகச் சொல்கிறார். கணப்பின் அருகே காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கருகும் வாசனை வந்தது. பக்கத்து வீட்டில் ஏதோ சமைக்கிறார்கள் என்று நினைத்தார். உள்ளங்காலில் ஆழமான தீக்காயம், நோயாளி வலியை உணரவில்லை. பெருவிரல் நிறம் மாறியிருக்கிறது. வேறொரு நோயின் விளைவாகக் காலின் இரத்தக் குழாய்கள் அடைபட்டிருக்கின்றன. அதோடு குறிப்பு முடிந்தது. அந்த வேறொரு நோய் எதுவென்று டொக்டர் எழுதவில்லை.

"இது எங்கம்மா, அக்கா" என்றாள் ஜெனுஷா.

எனக்கு முதுகில் ஏதோ ஊர்ந்தது. யன்னலுக்கு வெளியே பனி வந்து எதிர்க் கடையை மறைத்திருந்தது, பகல் பதினொரு மணிக்கு விளக்குப் போட்டிருந்தோம். அப்போதுதான் அவள் அடுப்பங்கரைக் கதையைச் சொன்னாள். கேட்டு முடித்ததும் எனக்குள்ளே இருக்கிற சரிபார்க்கிறவள் விழித்துக்கொண்டாள். இதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று ஜெனுஷாவுக்கும் எனக்கும் சேர்த்துச் சொன்னேன். குளிர்கிற காலை எந்த நாட்டுக்காரியும் நெருப்புப் பக்கம்தான் நீட்டுவாள். உணர்வில்லாத கால் எந்த நாட்டிலும் வெந்துதான் போகும். இந்த நோய்க்குத் தெரிந்த பாதை ஒன்றுதான், அதனால் எல்லோரையும் அதே வழியில்தான் கூட்டிக்கொண்டு போகிறது. இன்றைக்கே லீவு போட்டு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

அவள் போகவில்லை. வியாழக்கிழமைதான் எனக்கு அது தெரிந்தது. குறிப்பில் இருந்த பெண்ணின் டொக்டருக்குக் கேள்வி அனுப்பியிருந்தாள், எந்தக் குறையும் சொல்ல முடியாத கேள்வி. அதற்குப் பதில் வந்துவிட்டதா என்று தினமும் நூறு தடவை திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா எங்க?" என்றேன்.

"மலைக்குப் போறாங்க."

"அந்தக் காலோடயா?"

"வலிக்கலைன்றாங்க. பதில் வரட்டும், அக்கா. அந்தம்மாவுக்கு என்ன வியாதின்னு தெரிஞ்சிட்டா எங்கம்மாவுக்கும் என்னான்னு தெரிஞ்சிரும். என்னான்னு தெரியாம நானா எப்புடி ஒன்னச் சொல்றது?"

நான் கத்திவிட்டேன். இரும்புக்கடைக்காரர் நஸார் கீழேயிருந்து படியேறி வந்து பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். ஒனக்கென்ன பைத்தியமா, ஒங்கம்மா என்ன கோப்பா, அங்கே ஒரு டொக்டர் பேனாவைத் திறக்கும்வரைக்கும் இங்கே ஒரு கால் அழுகிக்கொண்டிருக்கணுமா என்றெல்லாம் கேட்டேன். ஜெனுஷா அழவில்லை. தாழ்ந்த குரலில்தான் பதில் சொன்னாள்.

"பயமாயிருக்கு, அக்கா. கேக்காம இருந்தா இல்லன்னு இருக்கும். கேட்டுட்டா இருக்குன்னு ஆயிரும். அப்பா போன மாதிரி இவங்களும் போயிருவாங்க. எனக்கு வேற யாருமில்ல."

மறுநாள் இருவரும் லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறினோம்.

டிக்கோயா தாண்டிக் காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிப் பஸ் போகும்போது தண்ணீர் தெரியவில்லை. பனி மட்டும்தான். ஜெனுஷா வழி முழுக்க முந்தானையை முறுக்கிக்கொண்டே வந்தாள். லயத்தில் கதவு பூட்டியிருந்தது. இராசம்மா மலையில்தான் இருந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தேயிலைக்குள் ஏறினோம்.

முதலில் குரல்கள்தான் கேட்டன. பிறகு பனிக்குள்ளே கூடைகள் தெரிந்தன, பெண்கள் ஒன்றாக ஒரு பக்கத்தில் பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வெகுதூரம் முன்னால் ஒரே ஒரு கூடை. தனியாக நகர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் அந்தக் கூடையை நோக்கிப் போனோம். என் காலில் அதற்குள் நாலைந்து அட்டைகள் ஏறிவிட்டன. எனக்கு அட்டை என்றால் உயிர் போய்விடும், ஆனால் அன்றைக்குத் தட்டிவிடக்கூட மறந்துபோனேன். இராசம்மாவின் இடது பாதத்தில் பழைய துணியைச் சுற்றி மேலே பொலித்தீன் கட்டியிருந்தது. கணுக்கால் வெறும் கணுக்கால். சுற்றிலும் புல் முழுக்க அட்டைகள் எழும்பி நின்றன, எல்லாம் என் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த வெறும் கணுக்காலில் ஒன்றுகூட இல்லை.

அதைவிட என்னைப் பயமுறுத்தியது வேறு. அவர் எங்களைக் கண்டதும் சந்தோஷமாகக் கையை அசைத்துக்கொண்டு சரிவில் இறங்கி வந்தார். உள்ளங்கால் தோல் கழன்றுபோகும் அளவுக்கு வெந்த ஒரு பாதத்தைக் கல்லிலும் கட்டையிலும் வைத்து வந்தார். நொண்டவே இல்லை.

"வாங்க மகள். ஹட்டன்ல இருந்து இந்தக் குளிர்ல ஏன் வந்தீங்க?" என்று என்னைக் கேட்டார்.

ஜெனுஷா குனிந்து பொலித்தீனை அவிழ்த்தாள். பெருவிரல் அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. அதற்குப் பக்கத்து விரலும் கறுக்கத் தொடங்கியிருந்தது. இவ்வளவு காலமும் எழுத்தில் படித்துக்கொண்டிருந்த கால் அவள் கையில் இருந்தது. "ஆஸ்பத்திரிக்குப் போறோம்மா" என்றாள். இராசம்மா வாயைத் திறப்பதற்குள் கங்காணி அழகுமுத்து வந்துவிட்டார். காலைப் பார்த்தார். வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, ஓட்டோ பிடிக்கத் தானே ரோட்டுக்கு ஓடினார். அந்த மனிதரைப் பற்றி நான் மனதுக்குள் எண்ணியிருந்ததில் பாதியை அங்கேயே வாபஸ் வாங்கினேன்.

ஆஸ்பத்திரியில் விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். சீனி வியாதி. அதுவும் நேற்று முந்தாநாள் வந்தது இல்லை, பல வருடமாக இருந்திருக்க வேண்டும் என்றார் டொக்டர். இளம் சிங்களப் பெண், பொறுமையானவர். பேனாவைப் போன்ற ஒரு சின்னக் கருவியை இராசம்மாவின் வலது பாதத்தில் வைத்தார். இரத்தம் ஓடுகிற சத்தத்தைக் கேட்கிற கருவி அது. உஷ், உஷ் என்று காற்றடிப்பதைப் போலச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. இராசம்மாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது, கண்ணை விரித்துக்கொண்டு கேட்டார்.

பிறகு இடது பாதத்தில் வைத்தார். சத்தமே இல்லை. கொஞ்சம் நகர்த்தினார். இல்லை. கணுக்காலில் வைத்தார், ஆடுசதையில் வைத்தார். அந்த வார்ட்டில் இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட அந்த நேரம் இருமவில்லை என்று எனக்கு ஞாபகம். கருவி முழங்காலுக்குக் கிட்ட வந்தபோதுதான் தூரத்தில் யாரோ மூச்சு விடுவதைப் போல லேசாக உஷ் என்றது. டொக்டர் அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார்.

"முகுத்ம நெத்த?" என்று கேட்டார் இராசம்மா. ஒன்றுமே இல்லையா என்று.

டொக்டர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு சிங்களத்திலேயே சொன்னார். கோட்டுக்குக் கீழே இருப்பது ஏற்கெனவே செத்துவிட்டது, அந்தச் சாவு மேலே ஏறி வருவதற்குள் வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆளே போய்விடுவார். ஜெனுஷா மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை, இராசம்மாவுக்கு எல்லாம் விளங்கியது. அவர் முடியாது என்றார். காலோடு வந்தேன், காலோடு போகிறேன் என்றார். இரண்டு நாள் அந்த ஒரே பேச்சுத்தான். நர்ஸ்மார் சொல்லிப் பார்த்தார்கள், பாதர் வந்து சொல்லிப் பார்த்தார். காய்ச்சல் ஏறிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் மகளைக் கிட்டக் கூப்பிட்டு ஒன்று கேட்டார்.

"வெட்டுனா அத என்னா செய்வாங்க? ஒங்கப்பா பக்கத்துல பொதைக்கத் தருவாங்களா?"

ஜெனுஷாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "இல்லம்மா. இங்கயே எரிச்சிருவாங்களாம்."

"ஏற்கெனவே நான் ஒருக்கா சுட்டுட்டேன்" என்றார் இராசம்மா. "இன்னொருக்காவுமா சுடணும்?"

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, ஆனாலும் நின்றேன். ஜெனுஷா கட்டிலில் ஏறி அம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். அவள் அப்படிப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. காரணம் கேட்கவில்லை, காத்திருக்கவும் இல்லை.

"எனக்கு நீங்க வேணும்மா. காலு வேணாம். ஒங்களுக்குச் சீனி வியாதி, அதுதான் இந்தக் காலக் கொன்னுச்சு. பேயுமில்ல, சாபமுமில்ல. ஒங்களையும் கொல்ல வருது, நான் விடமாட்டேன். சரின்னு சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க."

இராசம்மா மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு சரி என்றார். கையெழுத்துப் போடும்போது ஜெனுஷா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் நான் வேலைக்குத் திரும்பினேன். அந்த வெளிநாட்டுப் பெண்ணின் டொக்டரிடமிருந்து பதில் வந்திருந்தது. சீனி வியாதி, நீண்டகாலமாகக் கண்டுபிடிக்கப்படாதது. ஜெனுஷாவின் இடத்தில் உட்கார்ந்து நானே அந்த நோயை முதலில் போட்டேன், இரத்தக் குழாயைப் பின்னால் போட்டேன். கொம்பியூட்டர் ஏற்றுக்கொண்டது. அந்தப் பெண்ணின் கால் என்ன ஆனது, அவர் இருக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது. அவரைப் பற்றிய அடுத்த குறிப்பு எங்களிடம் வரவில்லை.

இராசம்மா பிழைத்துக்கொண்டார். ஒப்பரேஷன் முடிந்து நாலாம் நாள், போத்தலில் கோழி சூப் எடுத்துக்கொண்டு பார்வையாளர் நேரத்துக்குப் போனேன். காய்ச்சல் விட்டிருந்தது. முகத்தில் கொஞ்சம் களை வந்திருந்தது. வெள்ளை விரிப்பு இடுப்பிலிருந்து இறங்கி, இடது பக்கம் முழங்காலோடு தட்டையாகிவிட்டிருந்தது. அந்தத் தட்டையான இடத்தைப் பார்க்காமல் இருக்க முயன்று, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெனுஷா தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஜெனு" என்றார் இராசம்மா. குரல் விசித்திரமாக இருந்தது. "எடது கால் பெருவெரலு வலிக்குது."

ஜெனுஷாவின் கை நின்றது.

"நெசமாத்தான் சொல்றேன். இத்தன வருசமா ஊமையாக் கெடந்திச்சு. சுட்டப்பவும் வாயத் தொறக்கல. இப்ப வலிக்குதுடி, தாங்க முடியல." அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. அது வலியாலா பயத்தாலா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "அது எங்க கெடந்து வலிக்குது?"

பக்கத்தில் வந்த நர்ஸ், சில பேருக்கு இப்படி இருக்கும், நரம்பு இன்னும் மறக்கவில்லை, போகப் போகச் சரியாகிவிடும் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். இருக்கலாம். எனக்கு மட்டும் கையிலிருந்த மயிர் எல்லாம் எழும்பி நின்றது. நான் சூப் போத்தலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தத் தட்டையான விரிப்பையே பார்த்தேன்.

ஜெனுஷா தோடம்பழத்தைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டுக்குப் போனாள். குனிந்து, ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில் இரண்டு கையையும் வைத்து, மெல்லப் பிடித்துவிடத் தொடங்கினாள்.

"இங்கயாம்மா?"

இராசம்மா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றார்.

ஜெனுஷா கையைக் கீழே நகர்த்தினாள்.